தேய்ப்பதற்கு முன்னால் தட்டிப் பார்

காணிப்பாக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பழவேற்காட்டில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறாயாம். வாங்குவதற்கு முன்னால் மாமனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வாங்கிய பிறகு நாலு போட்டோவை அனுப்பி, "எந்த காம்பவுண்ட் போட்டால் பளபளக்கும் மாமா?" என்று கேட்கிறாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

விற்றவர் உள்ளே ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தாராமே. நம் ஊரில் சத்தியம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? கடன் தகராறு, பாகத் தகராறு என்று வருகிறவர்கள் குளத்தில் முழுகி, ஈரத்தோடு பிள்ளையார் முன்னால் நிற்கும்போதே பாதிப் பேருக்கு நாக்கு குழறிவிடும். அவரையும் இங்கே கூட்டி வந்திருக்கலாம். போகட்டும், இனிமேல் படகிடம்தான் கேட்க வேண்டும்.

மரச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன் மூக்கிலிருந்து பின் பலகை வரை அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வா. கெட்டியான இடத்தில் 'ணங்' என்று சத்தம் திரும்பி வரும். கண்ணாடி நார் மேட் அடுக்குகளுக்கு நடுவில் ஒட்டாமல் விட்டுப்போயிருந்தால், அல்லது உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால், சத்தம் அமுங்கிக் கேட்கும். அந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போடு. எஞ்சின் மாட்டும் பின் பலகையில் மட்டும் இரண்டு தரம் தட்டு. அதற்குள்ளே மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியே கண்ணாடி மாதிரி இருந்தாலும் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். பலகை வளைந்து கொடுத்தால் பாலிஷ் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணு.

எனக்கு இந்தச் சந்தேகம் வரக் காரணம் உண்டு. சுனாமிக்குப் பிறகு 2005இல் கடற்கரை நெடுக ஃபைபர் பட்டறைகள் முளைத்தன. கட்டுமரம் போனவர்களுக்கெல்லாம் ஃபைபர் படகு கொடுக்க ஆளாளுக்கு ஆர்டர் போட்டார்கள். மோல்டில் போட்டது காய்வதற்குள் அடுத்த படகு. அப்போது இறங்கிய படகுகளின் தரத்தைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பே கவலைப்பட்டது. எல்லாப் படகும் மோசம் என்று சொல்லமாட்டேன். நானே அன்றைக்கு நல்ல படகும் போட்டேன். ஆனால் உன் படகு எந்தக் கையில் பிறந்தது என்று யாருக்குத் தெரியும்?

சரி, தட்டிப் பார்த்துத் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது போட்டோவில் தெரிகிற உன் படகின் நீலக் கலருக்கு வருகிறேன். அது பெயிண்ட் இல்லை, ஜெல்கோட். கலர் கலந்த பாலியெஸ்டர் ரெசின். மோல்டில் முதலில் அடிப்பது அதைத்தான். படகு வெளியே வந்ததும் அதுவே மேல்தோல். நன்றாகப் போட்ட படகில்கூட அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அந்த ரெசினின் மேல்பக்கத்தை அரித்துப் பொடியாக்கிவிடுகிறது. கையால் தடவினால் வெள்ளையாக ஒட்டுமே, அது உப்பு இல்லை, செத்த ஜெல்கோட். அதற்கு அடியில் உயிருள்ள நீலம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பார். நனைந்ததும் பழைய நீலம் மேலே வந்தால் பாலிஷுக்குத் தாங்கும். நனைத்தும் வெளிறியே கிடந்தால், அல்லது மேட்டின் நார் கண்ணுக்குத் தெரிந்தால், தேய்க்கத் தேய்க்க நஷ்டம்தான்.

நம் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார், அந்தக் காலத்து வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குச் சேரவில்லை என்று ஊரில் சொல்வார்களே. ஜெல்கோட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் தேய்ந்ததுதான்.

அதனால் எடுத்தவுடனே வாட்டர் பேப்பரில் கையை வைக்காதே. சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, கண்ணில் படாத மூலையில் ஒரு முழம் இடத்தில் வெறும் ரப்பிங் காம்பவுண்டை மட்டும் போட்டுப் பார். பளபளப்பு வந்தால் பேப்பரே வேண்டாம். வராவிட்டால் 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 1500, கடைசியில் 2000. பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டையில் சுற்றித் தேய். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகிவிடும். முந்தின பேப்பரின் கீறல் மொத்தமும் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவாதே. நீ தாவுவாய், எனக்குத் தெரியும். சின்ன வயசிலேயே உனக்குப் பொறுமை கிடையாது.

பஃபிங் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டு, ஒரே இடத்தில் நிறுத்தாதே. நின்ற இடத்தில் ஜெல்கோட் சூடேறிக் கருகிவிடும். விளிம்பிலும் மூலையிலும் ஜெல்கோட் மெல்லிசாகத்தான் ஏறியிருக்கும், அங்கே கையாலேயே செய். வேலையை நிழலில் வைத்துக்கொள். உச்சி வெயிலில் காம்பவுண்ட் தடவின உடனே காய்ந்து அப்பிக்கொள்ளும். பதிவு எண் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிவிடு. IND-TN என்ற எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுக் கடலில் போய் யாரிடமாவது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

நார் தெரிகிற இடம் இருந்தால் புது ஜெல்கோட் வைக்க வேண்டும். அதை நான் வருகிறவரை தொடாதே. பக்கத்து ஆள் சொன்னான் என்று, ரெசினை இறுக வைக்கிற கோபால்டையும் ஹார்டனரையும் ஒரே டப்பாவில் ஊற்றிவிடுவாயோ என்று எனக்குப் பயம். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10இலிருந்து 20 மில்லி போதும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். நம் ஊர்த் தலபுராணத்தில் லிகிதருக்கு வெட்டுப்பட்ட கையை நம் பாஹுதா ஆறு திருப்பிக் கொடுத்ததாம். உனக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுக்க அங்கே எந்த ஆறும் காத்திருக்கவில்லை. தேய்க்கும்போதும் மூக்குக்கு மாஸ்க், கைக்கு முழுக்கை. எண்ணூரில் என் பட்டறைக்கு நீ லீவுக்கு வந்தபோது தூசியோடு போய் வெந்நீரில் குளித்துவிட்டு ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுதாயே, மறந்துபோச்சா? தூசி பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவு.

கடைசியில் மெழுகு. சோம்பல் படாமல் இரண்டு கை போடு. பளபளப்பைக் கொண்டுவருவது காம்பவுண்ட், அதைக் காப்பது மெழுகு. வெயில் முதலில் மெழுகைத் தின்னட்டும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி போடு. கரையில் கிடக்கும்போது மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். உன் காசு செலவாவதில் எனக்குச் சந்தோஷமில்லை.

இப்போது நிஜமாகவே மனசில் அரிக்கிறதைச் சொல்கிறேன். படகைப் புதுசாக்கி ஏரி பார்க்க வருகிறவர்களை ஏற்றப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சவாரிக்குத் தடையும் வந்தது. வருகிறவர்கள் படகின் பளபளப்பைப் பார்த்துத்தான் குழந்தையைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். பின் பலகையைத் தட்டிப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. மீன் பிடிக்கப் போவதென்றால் போ, நான் தடுக்கமாட்டேன். ஆள் ஏற்றுவதென்றால் அனுமதியும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் கயிற்றை அவிழ்க்காதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை, ராத்திரி தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தைக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. சதுர்த்திக்கு ஆரம்பித்து 21 நாள் பிரம்மோற்சவம், ஊருக்குள் வண்டி நுழைய வழி இருக்காது. புது லாரி, புது கார் எல்லாம் பூஜைக்கு வரிசையில் நிற்கிறது. உன் படகைக் கொண்டுவர முடியாது, எஞ்சின் சாவியை மட்டும் அம்மாவிடம் கொடுத்தனுப்பு, பிள்ளையார் முன்னால் வைத்து எடுத்துத் தருகிறேன்.

உற்சவம் முடிந்ததும் பஃபிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம். அதற்குள் படகைத் தட்டி, சத்தத்தை போனில் பதிவு பண்ணி அனுப்பு. பின் பலகையைத் தட்டுகிற சத்தம் தனியாக வேண்டும். 1000, 1500, 2000 பேப்பர் வாங்கி வை. கடைக்காரர் 400 கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்பார், வாங்காதே.

அன்புடன்,
உன் மாமா