டேய், இது நம்ம ஊரு சத்தம்டா!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலேஜ் படிக்கும்போது எனக்கு இங்கிலீஷ் பாட்டு சுத்தமாகப் புரியாது. மைக்கேல் ஜாக்சனைத் தெரியும். அவர் பாட்டிலும் நடுநடுவே வரும் 'ஆவ்' மட்டும்தான் தெளிவாகக் காதில் விழும். நம்ம லெவல் அவ்வளவுதான்!

அப்பேர்ப்பட்ட என்னை ஒரு லண்டன் பாப் பாடகியின் ஆல்பம் ஒன்பது மாசம் பாடாய்ப் படுத்தியது. இந்தக் கதையை இவ்வளவு வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2007 டிசம்பர். பாண்டியில் பி.எஸ்சி. செகண்ட் இயர். எங்க செட்டில் மொத்தம் அஞ்சு பேர். அதில் ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் 'பாரிஸ்'. பயல் பாரிஸைப் பார்த்ததே இல்லை. ஆனால், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. டிகிரி முடிச்ச மறுநாள் ஃபிளைட் என்று ஃபர்ஸ்ட் இயரிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பான். காரணம், அவன் தாத்தா ஒரு சொல்தா. (வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்கிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாசம் டைம் கொடுத்தார்கள். அவன் தாத்தா கையெழுத்துப் போட்டார். எங்க தாத்தாவுக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது. ஒரே டவுன், ரெண்டு கிலோமீட்டர் இடைவெளி. அவன் பேரன் பாரிஸ், இவன் பேரன் நான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவனோட அத்தை பையன் பிரான்ஸிலிருந்து வந்திருந்தான். முடியை முள்ளு முள்ளாக நிறுத்திக்கொண்டு, மூக்கால் தமிழ் பேசுவான். அவன் கொண்டுவந்த சிடியை பாரிஸ் கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்பீக்கரை ஃபுல்லாக வைத்தான். "எம்.ஐ.ஏ. உங்க ஆளுதான். தமிழ்" என்றான். நாங்கள் யாரும் நம்பவில்லை.

நாலைந்து பாட்டு ஓடியது. ஒன்றில் 'தளபதி' படத்து இளையராஜா மியூஸிக் துண்டு வந்ததும் பசங்க கத்தினார்கள். அடுத்து வந்ததுதான் 'பேர்ட் ஃப்ளூ'.

தட தட தடவென்று தோல் வாத்தியங்கள். அடியில் ஒரு உறுமல். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்து இழுத்தால் மட்டும் வருமே, மாடு அடித்தொண்டையில் முக்குகிற மாதிரி... அந்தச் சத்தம்!

"எந்த ஊரு டிரம்ஸ்டா இது? ஆப்பிரிக்காவா?" என்றான் ஒருத்தன்.

எனக்குத் தெரியும். நான் அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கப்பா உறுமி வாசிக்கிறவர். ஆனால், வாயைத் திறக்கவில்லை. "இருக்கும்டா" என்று தலையை ஆட்டினேன்.

காலேஜில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் 'பெயின்டிங் கான்ட்ராக்ட்' என்பேன். முழுப் பொய் இல்லை. வேலை இருக்கிற நாளில் அப்பா சுவருக்கு வெள்ளையடிப்பார். ஆனால், ஆடி மாசம் வந்தால் அம்மன் கோயில்கள், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை, நடுவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே. உறுமி, பம்பை, பறை என்று எட்டுப் பேர் செட். வீராம்பட்டினம் தேருக்கு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். வெள்ளைக்கார கவர்னர் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். அந்தக் கூட்டத்தில் அப்பா வாசித்து, சனங்கள் சாமி வந்து ஆடுவதைச் சின்னப் பிள்ளையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஊருக்கு மேளம் வேண்டும். மேளக்காரர் மட்டும் வாசலோடு நிற்க வேண்டும். தண்ணி கேட்டால் தனி டம்ளரில் வரும். அதைப் பார்த்த பிறகு எனக்கு 'பெயின்டிங் கான்ட்ராக்ட்' வசதியாக இருந்தது.

இப்போது காலேஜ் விழாக்களில் ஜீன்ஸ் போட்ட பெண்களே பறை அடித்து விசில் வாங்குகிறார்கள். சந்தோஷம். 2007-ல் எங்க கிளாஸில் அது சாவு மேளம். ஃபுல்ஸ்டாப்.

அந்தப் பாட்டை எம்.பி.3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா பீடியும் கையுமாகத் திண்ணையில் இருந்தார். ஒரு இயர்போனை அவர் காதில் சொருகி, இன்னொன்றை நான் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார். மூணு தடவை கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு வந்தது.

"கை நல்ல கைதான். வேகம் ஜாஸ்தி. உறுமிய இன்னும் கொஞ்சம் நின்னு இழுத்திருக்கணும். எந்த ஊரு செட்டு?"

"சென்னைப்பா. பாடுறது யாழ்ப்பாணத்துப் பொண்ணு. லண்டன்ல இருக்குது."

"எவ்ளோ குடுத்துச்சாம்?"

அமெரிக்காவிலும் லண்டனிலும் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பெரிய பெரிய பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தன. இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை! அப்பா அடுத்ததையும் கேட்டார்: "அடிச்சவன் பேரப் போட்டுதா?" என்னிடம் இருந்தது காப்பி பண்ணின பாட்டு. அதுக்கு ஏது அட்டை, ஏது பேர்?

அந்த வாரமே நேரு வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். மணிக்கு இருபது ரூபாய். மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சண்டை நடுவே வளர்ந்து, சென்னையிலும் கொஞ்ச நாள் கஷ்டப்பட்டு, 1986-ல் அகதியாகத் திரும்ப லண்டன். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்'. ஈழப் போராட்டத்துக்குப் போன அப்பா. வீட்டில் அதிகம் இருந்ததில்லை. ரெண்டாவது ஆல்பத்துக்கு அம்மா பெயர், 'கலா'. தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த அம்மா.

'கலா'வை அமெரிக்காவில் உட்கார்ந்து செய்வதாகத்தான் பிளான். விசா கிடைக்கவில்லை. இழுத்தடித்தார்கள். 'போங்கடா' என்று ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் ஸ்டுடியோவில் நம்ம தாளக்காரர்களை வைத்து ரெக்கார்டிங். கானா சத்தம் பிடித்துப்போனதாம். டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடத்துச் சத்தமெல்லாம் ஆல்பத்துக்குள் வந்துவிட்டது. 2007 ஆகஸ்டில் ரிலீஸ். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 18-வது இடம். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அந்த வருஷத்தின் பெஸ்ட் ஆல்பமாக முதலிடம் கொடுத்தது.

படிக்கப் படிக்க எனக்கு உள்ளுக்குள் ஏதோ பண்ணியது. அந்தப் பொண்ணு, அப்பா அம்மா பெயரை ஆல்பம் அட்டையில் போட்டு உலகம் பூரா விற்கிறது. நான் எங்கப்பா தொழிலை ஒரு அட்டெண்டென்ஸ் ஃபாரத்தில்கூட எழுத மாட்டேன் என்கிறேன். 'சரி, நாளைக்குப் பசங்ககிட்ட சொல்லிடலாம்' என்று நினைத்தேன். நாளைக்கு வந்தது. சொல்லவில்லை.

2008 பொங்கல் கழிந்த வாரம், பாரிஸோட தாத்தா இறந்துபோனார்.

நாங்கள் நாலு பேரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. அந்த உறுமல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ஆளாளுக்கு இழுப்பு மாறும். எங்கப்பா கடைசியில் ஒரு சுண்டு சுண்டி விடுவார்.

பந்தலுக்கு வெளியே எட்டுப் பேர். அப்பா நடுவில். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும். அடுத்த விநாடி, யாரோ ஒரு பையனைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாக இழுக்க ஆரம்பித்தார்.

அவர் என்னைக் காப்பாற்றினார். அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. திட்டியிருந்தால், 'டேய் தம்பி' என்று கூப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போதுதான் கூட வந்தவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், இது அந்தப் பாட்டுல வர சத்தம்டா! ஆப்பிரிக்கான்னு நெனச்சோமே... நம்ம ஊரு சத்தம்டா!" சாவு வீடு என்பதையும் மறந்து வாய் பிளந்து நின்றான். நான் உள்ளே போய், மெடல்கள் மாட்டிப் படுத்திருந்த தாத்தாவுக்கு மாலை போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி அப்பா வந்தார். குளித்தார். சாப்பிடும்போது அம்மாவிடம், "சொல்தா வீட்டுல காசு நல்லா குடுத்தாங்க" என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் கல்ச்சுரல்ஸ். அந்தப் பாட்டுக்குத்தான் ஆடினோம். ஸ்டெப் எல்லாம் நான் போட்டுக் கொடுத்தது. "உனக்கு மட்டும் எப்படி மச்சான் இவ்ளோ ஈஸியா வருது?" என்றார்கள். சிரித்து மழுப்பினேன். செகண்ட் பிரைஸ்.

அதற்குள் ஆல்பம் பழசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால், அதில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்று ஒரு பாட்டு சும்மா படுத்துக் கிடந்தது. நடுவில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் வருமே, அதுதான். விசாவுக்கு அலைந்த கடுப்பில் எழுதினது. அகதி என்றாலே திருடன், கள்ளப் பாஸ்போர்ட் என்று பார்க்கிறவர்களை வைத்துப் பண்ணின கிண்டல். மரீன் வீதி பிரெஞ்சு தூதரக வாசலில் ஃபைலோடு நிற்கிற முகங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கிண்டல் சீக்கிரம் பிடிபட்டது. 2008-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் டிரெய்லரில் அந்தப் பாட்டு வந்தது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஆல்பம் வந்து ஒரு வருஷம் கழித்து, செப்டம்பரில், பில்போர்டு ஹாட் 100-ல் நாலாவது இடம்! யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பொண்ணு அமெரிக்காவின் டாப் ஃபைவில்! எங்க பசங்க எல்லார் செல்லிலும் அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான் ரிங்டோன். லெக்சர் நடுவில் 'டுமீல்' என்று அடித்து, ரெண்டு பேர் வெளியே நின்றார்கள்.

சேதி வந்த அன்றைக்கு சாயங்காலம் பீச் ரோட்டில், காந்தி சிலை பக்கம் பாறைமேல் உட்கார்ந்து சுண்டல் பார்ட்டி. பாரிஸ் காசு. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது, எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மச்சான்... உங்க தாத்தா சாவுல உறுமி வாசிச்சவரு எங்கப்பா."

கத்தல் நின்றது. அலைச் சத்தம் மட்டும்.

பாரிஸ் சுண்டல் பேப்பரைக் கசக்கிக் கடலில் எறிந்தான். "தெரியும்டா."

"எப்படி?"

"உன் மூக்கும் அவர் மூக்கும் ஒண்ணு. அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும். நீயே சொல்லுவன்னு இருந்தோம்."

எட்டு மாசம்! எட்டு மாசம் நான் மட்டும் ஒளித்துவைத்திருந்த ரகசியத்தை நாலு பேர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அழுகையும் வந்தது, நாலு அறை விடணும் போலவும் இருந்தது. பாரிஸ் கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு எங்க வீட்டுல அவருக்குத் திண்ணைல சோறு போட்டாங்க. நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் எங்க வீட்டுக்கு வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உறுமிக் குச்சியைப் பிடித்து இழுத்தான். கிரீச் என்று பூனை மிதிபட்ட மாதிரி வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரே தட்டில் மீன் குழம்பு சாப்பிட்டோம்.

2009 பிப்ரவரியில் நிறைமாச வயிற்றோடு மாயா கிராமி மேடை ஏறினதை அந்த வீட்டு டிவியில்தான் செய்தியாகப் பார்த்தோம். 'பேப்பர் பிளேன்ஸ்' ரெக்கார்டு ஆஃப் தி இயர் போட்டியில் இருந்தது. பரிசு கிடைக்கவில்லை. அதே செய்தியில் அடுத்து வன்னி வந்தது. அப்பா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பாரிஸ் இப்போது உண்மையான பாரிஸில் இருக்கிறான். லா ஷப்பல் பக்கம், வருஷா வருஷம் மாணிக்க விநாயகர் தேர் போகிற ஏரியா. தேர் அன்றைக்கு ஃபோன் பண்ணி, மேளச் சத்தத்தை அப்பாவுக்குக் கேட்க வைப்பான். அப்பா வழக்கம்போல் குறை சொல்வார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பீச்சில் சொன்ன அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனேன். அப்பா திண்ணையில் உறுமிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பசங்ககிட்ட சொல்லிட்டேன் என்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்த லண்டன் பொண்ணு பாட்டு அமெரிக்காவுல நாலாவது இடம் வந்துருச்சுப்பா" என்றேன்.

"நாலா?" கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாம கேட்டமே, அதுவா?"

"இல்லப்பா. அதே ஆல்பத்துல வேற பாட்டு."

"அதுல உறுமி இருக்குதா?"

"இல்லப்பா."

"அதான் நாலு" என்றார்.