அழிச்சாலும் திரும்ப வரும்

"தம்பி, தெரியாம எதையாச்சும் தொட்டுட்டா எல்லாம் அழிஞ்சிடுமா?"

அந்த அக்கா என்னிடம் இதைக் கேட்டது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்க விடாமல் செய்தது நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் செட்டில் பாதிப் பேர் இன்ப்ளான்ட் ட்ரெயினிங்குக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கார் கம்பெனிகளுக்குப் போனார்கள். எனக்கு வாய்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட். சென்ட்ரல் பக்கத்தில் லோக்கல் ரயில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டி இறங்க வேண்டும். பெரும்பாலான லோக்கலுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும்.

நான் போனது கட்டடத்துக்குப் போடும் கம்பி தயாரிக்கும் ஆலை. ரோலிங் மில்லைப் பார்க்க ஆசையாகப் போனேன். இரண்டாவது நாளே ஹெச்.ஆர். சார் கூப்பிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் நல்லா பாக்குறியாமே, புதுசா சேர்றவங்களுக்கு நம்ம கிளவுடை எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லிக் கொடுத்துடு" என்றார். எவன் போட்டுக் கொடுத்தான் என்று இன்று வரை தெரியவில்லை :-)

அங்கே அதுவரை எல்லாமே வாட்ஸ்அப்பும் பென் டிரைவும்தான். ஒரே செக்லிஸ்ட் ஐந்து பேரிடம் ஐந்து மாதிரி இருக்கும். இது சரிப்படாது என்று ஆபீஸிலேயே ஒரு ஏ.சி. அறையில் சர்வர் வைத்து, அதில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டிருந்தார்கள். ஃபிராங்க் கார்லிட்செக் என்ற ஜெர்மன்காரர் 2010-ல் ஓன்கிளவுட் என்ற திட்டத்தை ஆரம்பித்தார். பிறகு அதிலிருந்து பிரிந்து 2016-ல் தொடங்கியதுதான் இந்த நெக்ஸ்ட்கிளவுட். கூகிள் டிரைவ் மாதிரியே ஃபைல், காலண்டர், அரட்டை எல்லாம் உண்டு. ஆனால் ஃபைல்கள் இருப்பது நம் ஆலைக்குள் இருக்கும் பெட்டியில்.

நான் என்ன பண்ணினேன்? 42 ஸ்லைடு தயார் பண்ணினேன். கிளவுட் என்றால் என்ன, அதில் எத்தனை வகை, லாகின், பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து, இரண்டாம் கட்ட சரிபார்ப்பு, ஃபோல்டர், ஷேரிங்... நடுவே அனிமேஷன் வேறு. முதல் பேட்ச்சில் பதினொரு பேர். ஒன்றேகால் மணி நேரம் பேசிவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர்தான் அந்த அக்கா. வேறொரு ஆலையில் பல வருஷம் ரிஜிஸ்டரில் எழுதிப் பழகியவர். இங்கே தர சோதனைப் பிரிவில் சேர்ந்தார். லேபில் வரும் ரசாயன சோதனை முடிவைப் பார்த்து, ஆர்டருக்கு உரிய அளவோடு ஒப்பிட்டு, கம்பிக்கட்டுக்கு 'ஓகே' டேக்கா 'ஹோல்டு' டேக்கா என்று சொல்வது அவர் வேலை. எந்த ஆர்டருக்கு எந்த அளவு என்பது கிளவுடில் ஒரு பொது ஷீட்டில் இருக்கும். ஆர்டர் மாறினால் ஷீட்டும் மாறும்.

அக்கா அந்த ஷீட்டைத் திறக்கவே இல்லை. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் விட்டுப் போன ஒரு பிரிண்ட் அவுட் இருந்தது. அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். சாயங்காலம் பக்கத்து சீட் பையனிடம் கொடுத்து ஏற்றச் சொல்வார். பையனும் நல்லவன், ஏற்றிவிடுவான். யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டது.

கம்பிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1786. அதில் எஃப்.இ. 500 என்று ஒரு ரகம், எஃப்.இ. 500 டி என்று ஒரு ரகம். 500 என்பது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கு முன் குறைந்தது தாங்க வேண்டிய இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். இது இரண்டுக்கும் ஒன்றுதான். 'டி' போட்டது கூடுதலாக இழுபடும். முதல் ரகம் முறிவதற்குள் குறைந்தது 12 சதவீதம் நீண்டால் போதும், 'டி' 16 சதவீதம் நீள வேண்டும். நிலநடுக்கம் வந்தால் பட்டென்று முறியாமல் வளைந்து கொடுக்க வேண்டும், அதற்காக. பாஸ்பரஸ் அதிகமானால் இரும்பு நொறுங்கும் குணத்துக்குப் போகும் என்பதால் 500-க்கு 0.055 சதவீதம் வரை அனுமதி, 500 டி-க்கு 0.040 வரைதான்.

அன்றைக்கு வந்த முடிவில் பாஸ்பரஸ் 0.048. அக்காவிடம் இருந்த பழைய தாளில் அந்த ஆர்டர் 500. அதன்படி ஓகே. ஆனால் வாடிக்கையாளர் அதை 500 டி-யாக மாற்றியிருந்தார், பொது ஷீட்டிலும் மாற்றியாகிவிட்டது. அதன்படி ஹோல்டு. அக்கா ஓகே டேக் போட்டுவிட்டார். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் அடிக்கும் இடத்தில் ஒரு சீனியர் சார் கண்ணில் பட்டதால் லாரி கேட்டைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அந்தக் கம்பி யார் வீட்டுத் தூணுக்குள் போயிருக்குமோ.

அக்காவை நிற்க வைத்துத் திட்டினார்கள். ஆறு மாத ப்ரொபேஷனில் இருப்பவர். வீட்டில் பத்தாவது படிக்கும் பெண். அழவில்லை, புடவைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். மதியம் கேன்டீனில் போய் உட்கார்ந்து, "ஏங்க்கா, ஷீட் திறக்கத் தெரியலைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"திறக்கத் தெரியும் தம்பி. அது எல்லாரும் பாக்குற ஷீட்டுன்னு நீதானே சொன்னே. என் கை பட்டு ஏதாச்சும் அழிஞ்சா மொத்தக் கம்பெனிக்கும் போயிடும்னு பயம். அன்னிக்கு நீ கேட்டப்ப எல்லாரும் தலையாட்டினாங்க. நான் மட்டும் எப்படிக் கேக்குறது?"

அப்புறம்தான் அந்தக் கேள்வி. தொட்டா அழிஞ்சிடுமா?

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 42 ஸ்லைடில் ஒன்றில்கூட அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நமக்கு அது கேள்வியாகவே தோன்றாது. சின்ன வயதிலிருந்தே அழித்து, அன்டூ போட்டு, ஃபோனை ரீசெட் பண்ணி வளர்ந்தவர்கள் நாம். அக்கா வளர்ந்தது ரிஜிஸ்டரில். ரிஜிஸ்டரில் தப்பாக எழுதினால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது நிரந்தரமாகத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் அவர் மவுஸைத் தொடுகிறார்.

ஹெச்.ஆர். சாரிடம் போய், "தப்பு என் ட்ரெயினிங்லதான் சார்" என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடுத்த பேட்ச்ல சரியா பண்ணு" என்றார். அக்காவை வாய்மொழி எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு ஸ்லைடே இல்லை. முதல் வேலையாக, "உங்க பேர்ல ஒரு ஃபைல் உருவாக்குங்க. அதுல உங்க ஊர் பேரை எழுதுங்க" என்றேன். ஊத்துக்கோட்டை, சூளூர்பேட்டை, எளாவூர் என்று எழுதினார்கள். "இப்ப அதை டெலீட் பண்ணுங்க." தயங்கினார்கள். ஒரு அண்ணன், "நெஜமாவா?" என்றார். "நெஜமாதான், அழிங்க." அழித்தார்கள். பிறகு அழித்த ஃபைல்கள் இருக்கும் இடத்தைக் காட்டி, திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். ஊர் பேர் அப்படியே திரும்ப வந்தது. அந்த அறையில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டார்கள், நான் சத்தியமாகக் கேட்டேன்.

விஷயம் இதுதான். நெக்ஸ்ட்கிளவுடில் வேறு மாதிரி அமைக்காத வரை, அழித்த ஃபைல் பொதுவாக 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். நமக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் மட்டும் முன்னாடியே போகலாம். கூகிள் டிரைவிலும் அக்டோபர் 2020 முதல் 30 நாள் கணக்குதான். ஃபைலை அழிக்காமல் உள்ளே எதையாவது தப்பாக மாற்றிவிட்டால், பழைய பதிப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நேற்று மத்தியானம் இருந்த ஷீட்டைத் திரும்ப எடுக்கலாம். அக்கா பயந்த அந்தப் பொது ஷீட்டுக்கும் இது உண்டு. முதல் நாள் இந்த ஒன்றை மட்டும் கையால் செய்ய வைத்திருந்தால் போதும்.

இரண்டாவதாக, 'ப்ரைவேட்' என்ற வார்த்தை. ஒரு பையன் தன் அண்ணன் கல்யாண ஆல்பம் முழுவதையும் அதில் ஏற்றி வைத்திருந்தான். கேட்டால், "ப்ரைவேட்னு சொன்னீங்களே ப்ரோ" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2011-ல் கொடுத்த விளக்கப்படி, ப்ரைவேட் கிளவுட் என்றால் ஒரே ஒரு நிறுவனத்தின் உபயோகத்துக்கு மட்டும் ஒதுக்கிய அமைப்பு. அதாவது கம்பெனிக்குத்தான் ப்ரைவேட், நமக்கு இல்லை. யார் எப்போது எதைத் திறந்தார் என்று பதிவாகும் வசதி உண்டு, நிர்வாகி நினைத்தால் பார்க்க முடியும். இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'நான் மட்டும் பார்ப்பது, என் பிரிவு பார்ப்பது, எல்லோரும் பார்ப்பது' என்று போர்டில் மூன்று வட்டம் போட்டேன். ஆதார் நகல், கல்யாண ஆல்பம் எல்லாம் எந்த வட்டத்திலும் வேண்டாம் :-)

மூன்றாவது, அந்த ஆறு இலக்க எண். பாஸ்வேர்டு போட்டதும் ஃபோனில் இருக்கும் ஆப்பிலிருந்து ஒரு எண் கேட்கும். ஆனால் ஷாப் ஃப்ளோருக்குள் ஃபோன் கொண்டு போகக் கூடாது, செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும்! அந்த எண் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும், வெளியே எழுதிக்கொண்டு வந்தாலும் பிரயோஜனமில்லை. இதனாலேயே ஏ ஷிப்ட் ஆள் திறந்து வைத்த லாகினில் பி ஷிப்ட் ஆள் வேலை பார்ப்பார். அவர் செய்த தப்பு இவர் பேரில் ஏறும். வழி ரொம்ப எளிது. ஒரு முறை மட்டும் செல்லும் மாற்று எண்கள் பத்தை முதலிலேயே அச்சடித்துக் கொள்ளலாம். தாளை எங்கே பூட்டி வைப்பது என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் பேட்ச்சில் சொல்லவில்லை.

இது ஏதோ கும்மிடிப்பூண்டி சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2025-ல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் நம்ம ஊர் சோஹோ தளத்துக்கு மாறியதாகச் செய்தி வந்தது. சர்வர் எங்கே இருக்கிறது, பாதுகாப்பு எப்படி என்று எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். நான் யோசித்தது வேறு. அந்த 12 லட்சத்தில் எங்கள் அக்கா மாதிரி எத்தனை பேர் தலையாட்டிவிட்டு, நோட்டில் எழுதி, பக்கத்து சீட்டில் கொடுத்துக் கொண்டிருக்கிறார்களோ?

அடுத்த செமஸ்டர் ட்ரெயினிங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் தெரியும் என்று சொன்னால் உங்கள் தலையிலும் இந்த வேலை விழும். அப்போது "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் ஒரே பதில்தான், தலையாட்டல். அழிக்கச் சொல்லுங்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கை செய்வதைப் பாருங்கள்.

என் கடைசி நாளன்று லேப் பக்கம் போனேன். அக்கா பொது ஷீட்டைத் திறந்து வைத்து அளவு பார்த்துக் கொண்டிருந்தார். பழைய பிரிண்ட் அவுட்டைக் காணோம். "அதை என்னக்கா பண்ணீங்க?" என்றேன்.

"கிழிச்சுப் போட்டுட்டேன் தம்பி. அது மட்டும்தான் திரும்ப வராது" என்றார்.