ஆர்.ஓ. மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கொஞ்ச நாளா கோயிலுக்கு வர்ற பலரும் என்கிட்ட கேக்கிற கேள்வி இது: "தம்பி, உங்க வீட்டுல ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருக்கீங்களாமே, நாங்களும் வாங்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட இங்கே எழுதிட்டா எல்லாருக்கும் உதவும். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம ஊர் தண்ணியைப் பத்தி. கோலாலம்பூர், பினாங்கு பக்கம் ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் குழாயில அனுப்புறாங்க. நம்ம கிளந்தான்ல, அதுவும் கோத்தாபாரு பக்கம், நிலத்தடி நீர்தான் அதிகம். நிறைய வீட்டுல சொந்தமா குழாய்க் கிணறும் இருக்கு. இந்தத் தண்ணியில இரும்புச் சத்து கூடுதல். வெள்ளை வேட்டியை ரெண்டு மாசம் துவைச்சா மஞ்சளாகிடும். டீ போட்டா கறுத்துப் போகும். நம்ம கோயில் கோமுகத்துல பழுப்பு நிறத்துல கோடு விழுந்திருக்கே, அதுவும் இந்த இரும்புதான். ஒரு லிட்டர்ல 0.3 மில்லிகிராமுக்கு மேல இரும்பு இருந்தாலே துணியில கறை பிடிக்க ஆரம்பிச்சிடும். நம்ம நாட்டு சுகாதார அமைச்சு குடிநீருக்கு வச்சிருக்கிற அளவும் அதே 0.3தான்.

உங்க வீட்டுத் தண்ணியில இரும்பு இருக்கான்னு பார்க்க மெஷின் எதுவும் வேணாம். கிணத்துத் தண்ணியை ஒரு வெள்ளை வாளியில பிடிச்சு ராத்திரி முழுக்கத் திறந்து வைங்க. பிடிக்கும்போது தெளிவா இருந்த தண்ணி காலையில மஞ்சளாகி அடியில பழுப்பா படிஞ்சிருந்தா, அது இரும்பு. கரைஞ்சிருந்த இரும்பு காத்துப் பட்டதும் துருவா மாறி அடியில இறங்குது.

இப்ப முக்கியமான விஷயம். தண்ணியில இரும்பு மட்டும்தான் தொல்லைன்னா உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டியதில்லை. வெளியில வைக்கிற மணல் ஃபில்டரே போதும். நம்ம மடப்பள்ளிக்கு உபயமா வந்ததும் அதுதான். தண்ணியை முதல்ல மேல் டாங்கியில ஷவர் மாதிரி விழ விட்டு, காத்துப் பட்ட பிறகு மணல் வழியா இறக்குறோம். துரு மணல்லயே தங்கிடுது. அதுக்கப்புறம் அன்னதான ரசத்துக்கும் டீக்கும் என்ன நிறம் வந்திருக்குன்னு நீங்களே பார்த்திருப்பீங்க.

அப்போ நான் ஏன் ஆர்.ஓ. மாட்டினேன்? எங்க வீடு கடற்கரைப் பக்கம். மழை இல்லாத மாசங்கள்ல கிணத்துத் தண்ணி லேசா உப்புக் கரிக்கும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார். சாப்பாட்டுல உப்பைக் குறைச்சிட்டு, குடிக்கிற தண்ணியில உப்பை விட்டு வைக்கிறது சரியில்லையே. உப்பு கரைஞ்ச பொருள். மணல் அதைத் தடுக்காது, கொதிக்க வச்சாலும் போகாது. அதை எடுக்கத்தான் ஆர்.ஓ. வேணும்.

உள்ளே நடக்கிறது இதுதான். முதல் ஃபில்டர் மண்ணு, தூசியைப் பிடிக்கும். ரெண்டாவது கரி ஃபில்டர், வாடையையும் குளோரினையும் எடுக்கும். குழாய்த் தண்ணி உபயோகிக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா குளோரின் பட்டா அடுத்த கட்டத்துல இருக்கிற மெம்பிரேன் கெட்டுப் போகும். அந்த மெம்பிரேன்தான் மெஷினோட உயிர். பம்ப் அழுத்தத்துல தண்ணி மட்டும் அது வழியா போகும், உப்புல பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்னு கழிவுத் தண்ணியோட வெளியேறும். கடைசியா இன்னொரு கரி ஃபில்டர், அப்புறம் சின்ன டாங்கி.

கரைஞ்ச உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர்ல எங்க கிணறு 720 காட்டுச்சு, மெஷின் தண்ணி 36. ஆனா இந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, இரும்பைத் தனியா பிரிச்சுச் சொல்லாது. நம்பர் குறைவா இருக்குன்னா உப்பு குறைவு, அவ்வளவுதான்.

எங்க வீட்டுலயும் மணல் ஃபில்டரைத்தான் முதல்ல போட்டேன், அதுக்குப் பின்னாலதான் ஆர்.ஓ. இரும்புத் தண்ணியை நேரா மெம்பிரேன்ல விட்டா துரு அடைச்சு, வருஷக் கணக்குல உழைக்க வேண்டியது சில மாசத்துல போயிடும். விக்கிறவங்க இதைச் சொல்றது கம்மி.

மாட்டுற அன்னைக்கு ஆள் போனதும் வேலை முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ வச்சு மறுநாள் காலையில ஈரமான்னு பாருங்க. முதல் ரெண்டு டாங்கித் தண்ணியைக் கொட்டிடுங்க. ஒவ்வொரு ஃபில்டர் மேலயும் மாத்தின தேதியை மார்க்கர் பேனாவுல எழுதுங்க. எங்க வீட்டுல முதல் ஃபில்டரை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறோம், கரியை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. மெம்பிரேனுக்குத் தேதி கணக்கு இல்லை, மீட்டர் நம்பர் ஏறிக்கிட்டே போனா மாத்தணும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் ஒரு வாரம் வீடு பூட்டியிருந்தா, திரும்பி வந்ததும் டாங்கியில நிக்கிற தண்ணியைக் குடிக்காதீங்க, கொட்டிட்டுப் புதுசா நிரப்புங்க.

கழிவுத் தண்ணி பத்தி நிறைய பேர் கேட்டாங்க. ஜாடி வச்சு அளந்து பார்த்தேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டரை லிட்டர் வெளியே போகுது. அதை வாளியில பிடிச்சுத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊத்த வச்சுக்கிறோம். எங்க கிணறு மாதிரி உப்புத் தண்ணின்னா செடிக்கு ஊத்தாதீங்க. தடுத்த உப்பெல்லாம் அதுலதான் சேருது, எங்க வீட்டுல மீட்டர் வச்சா 990 காட்டுது. துளசி வாடிடும்.

அபிஷேகத்துக்கு ஆர்.ஓ. தண்ணி வைக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டார். குருக்கள்கிட்ட கேட்டேன். "தண்ணி தெளிவா, சுத்தமா இருந்தாப் போதும்"னார். மணல் ஃபில்டர் தண்ணியே அப்படித்தான் இருக்கு. ஒரு குடம் அபிஷேகத்துக்கு ரெண்டரைக் குடம் சாக்கடைக்குப் போக வேண்டாமே.

அடுத்தது, இந்தப் பதிவை இப்பவே எழுத வச்ச விஷயம். நம்ம கோயில்ல பூ கட்டித் தர்ற பாட்டி ஒருத்தர் ஒரு பாரத்தை எடுத்துட்டு வந்தாங்க. வீட்டுக்கு வந்த விற்பனைப் பையன் ரெண்டு கிளாஸ் தண்ணியில மின்சாரக் கம்பியை வச்சானாம். குழாய்த் தண்ணி பழுப்பா குழம்பிப் போச்சு, மெஷின் தண்ணி தெளிவா நின்னுச்சு. "இந்த விஷத்தையா குடிக்கிறீங்க ஆன்ட்டி?"ன்னு கேட்டிருக்கான். மாசம் 95 வெள்ளி, 60 மாசம். கூட்டிப் பாருங்க, 5,700 வெள்ளி. பாட்டி பயந்து போய், "மகனைக் கேட்டுட்டு கையெழுத்துப் போடுறேன்"னு சொல்லி வச்சிருந்தாங்க.

அவன் மறுபடி வந்த அன்னைக்கு நானும் போயிருந்தேன். பாட்டிகிட்ட ஒரு சிட்டிகை உப்பு வாங்கி அவனோட மெஷின் தண்ணியில போட்டு, "இப்பக் கம்பியை வைங்க தம்பி"ன்னேன். அதுவும் பழுப்பாச்சு. அந்தப் பழுப்பு தண்ணியில இருந்து வரலை, கம்பியில இருக்கிற இரும்பு கரைஞ்சு வந்தது. உப்பு, தாது இருக்கிற தண்ணியில மின்சாரம் ஓடும், அதனால கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணியில ஓடாது, அதனால தெளிவா நிக்கும். பையன் சாமானை எடுத்து வச்சிட்டுக் கிளம்பிட்டான். அவன் மேல எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் செய்யறான். பாட்டி வீட்டுக் குழாய்த் தண்ணி மீட்டர்ல 90தான் காட்டுச்சு. வாளியில வச்சுப் பார்த்தும் கறை இல்லை. கொதிக்க வச்சுக் குடிக்கிறாங்க. அவங்களுக்கு அது போதும்.

யாராவது இந்தக் கம்பியோட உங்க வீட்டுக்கு வந்தா, ஒரு சிட்டிகை உப்பைக் கையில வச்சுக்கோங்க. எந்தப் பாரத்திலயும் அன்னைக்கே கையெழுத்துப் போடாதீங்க.

கடைசியா, மழைக்காலம் நெருங்குது. 2014 டிசம்பர் வெள்ளத்தை நாம யாரும் மறக்கலை. கிணறு வெள்ளத்துல முங்கிட்டா, ஆர்.ஓ. இருக்கே கவலை இல்லைன்னு அந்தத் தண்ணியைக் குடிச்சிடாதீங்க. வீட்டு மெஷின் வெள்ளத்தண்ணிக்குச் செஞ்சது இல்லை, மெம்பிரேன்லயோ மூட்டுலயோ சின்ன ஓட்டை இருந்தாலும் கிருமி உள்ளே வந்துடும். மின்சாரம் போனா மெஷினும் நின்னுடும். மழைக்கு முன்னாடியே மூடி போட்ட பாத்திரத்துல நல்ல தண்ணி சேர்த்து வைங்க. வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்தைச் சுத்தம் பண்ணி குளோரின் போட்டு, ஃபில்டர் எல்லாம் மாத்தின பிறகு திறங்க. அதுவரைக்கும் புட்டித் தண்ணிதான், இல்லைன்னா சுத்தமான தண்ணி கிடைச்சா நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுக் குடிங்க.

ரெண்டு வேண்டுகோள். மடப்பள்ளி மணல் ஃபில்டரை வாரம் ஒரு தடவை எதிர்ப்பக்கமா தண்ணி விட்டுக் கழுவணும், கால் மணி நேர வேலை. மழைக்காலத்துல முறை வச்சுச் செய்ய நாலு பேர் வேணும். இளைஞர்கள் பேர் கொடுங்க, நான் காட்டித் தர்றேன். ரெண்டாவது, வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மீட்டரோட மடப்பள்ளி வாசல்ல இருப்பேன். உங்க வீட்டுத் தண்ணியைத் தெளிவான புட்டியில பிடிச்சு, மேல வீட்டுப் பேரை எழுதி எடுத்துட்டு வாங்க. பார்த்துட்டு, மெஷின் வேணுமா வேணாமான்னு பேசிக்கலாம். காசு எதுவும் வேணாம்.

ஓம் சக்தி 🙏