தரையில் கிடந்த நாலு கழிகள்

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஆரம்பித்த குதிரையேற்றப் பயிற்சியை இன்னும் விடவில்லை. அன்றைக்குக் குரலில் அழுகை.

"தாத்தா, எனக்குக் குடுத்திருக்கிற குதிரை சுத்த மக்கு. தரையில நாலு போல் போட்டு வச்சிருக்காங்க. குதிக்கக்கூட வேண்டாம், ஒவ்வொண்ணா தாண்டி ஓடினாப் போதும். அதுக்கே தடுக்கித் தடுக்கி விழப் பாக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"போலுக்கும் போலுக்கும் நடுவுல எத்தனை அடி?"

"அதையெல்லாம் யாரு பாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை நானும் பார்க்கவில்லை.

ராணுவத்தில் நான் இருந்தது குதிரைகள் பக்கம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவனுக்குக் குதிரை என்றால் ஜட்கா வண்டிக் குதிரைதான். வடக்கே ஒரு பயிற்சி மைதானத்தில் எனக்கு வாய்த்த உஸ்தாத், ராஜஸ்தான்காரர், வயதான தஃபேதார். எங்களை உயரத் தடை பக்கமே விடமாட்டார். பத்தடி நீள யூகலிப்டஸ் கழிகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, அதன்மேல் காலை மாலை நடக்க விடுவார். "இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்று எங்களுக்குள் முணுமுணுப்போம்.

விளையாட்டு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. மூக்குக்கு நேர் கீழே கிடப்பது அதற்குத் தெரியாது. கழியைத் தூரத்தில் பார்த்து, ஞாபகம் வைத்துக்கொண்டு காலைத் தூக்கவேண்டும். அதற்காகக் கழுத்தைத் தாழ்த்தும். முதுகு எழும்பும், வயிற்றுத் தசை வேலை செய்யும், குளம்பு ஒவ்வொன்றும் அளந்து விழும். மேலே இருப்பவனுக்கும் பாடம் உண்டு. கீழே குனிந்து பார்த்தால் எடை முன்னால் சாயும், குதிரை தடுமாறும். கடிவாளத்தை இறுக்கினால் அது கழுத்தைத் தாழ்த்த முடியாது. பார்வை எதிரே, கை மெத்தென்று, குதிகால் கீழே. வேறு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைச் செய்ய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அந்தக் காலத்திலேயே கேள்விப்பட்ட பெயர் ஃபெடெரிகோ காப்ரில்லி. 1868-ல் பிறந்த இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. அவருக்கு முன்பு தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பதுதான் வழக்கம். குதிரையின் வாயையும் முதுகையும் தொந்தரவு செய்யாமல் உடலை முன்னால் கொடுத்து அதோடு போ என்று மாற்றியவர் அவர். தாழ்வாகத் தூக்கி வைக்கும் கழிகளுக்கு இன்றும் கவலெட்டி என்ற இத்தாலியப் பெயர்தான். 'குட்டிக் குதிரைகள்' என்று பொருள்.

இடைவெளிதான் இதில் உயிர். சராசரிக் குதிரைக்கு, சாதாரண நடைக்கு இரண்டரை முதல் மூன்றடி. டிராட்டுக்கு, அதாவது மூலைக்கு மூலை இரண்டிரண்டு காலாக வைக்கும் ஓட்டத்துக்கு, நாலு முதல் நாலரை அடி. அதைவிட வேகமான கேன்டருக்கு ஒன்பது பத்தடி. முதலில் ஒரே ஒரு கழி. பிறகு நேராக மூன்று. இரண்டு போட்டால் குதிரை இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவப் பார்க்கும். உருண்டைக் கழி என்றால் இரு பக்கமும் மண் மூட்டை வைத்து அசையாமல் நிறுத்தவேண்டும்.

சாந்தினி என்று ஒரு பழுப்புப் பெட்டை. தடையைக் கண்டால் தலைதெறிக்க ஓடும். பத்து நாள் டிராட்டில் கழிதான், வேறு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டு உஸ்தாத் இரண்டு நாள் வெளியூர் போனார். போட்டிக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை மூட்டைகளை வைக்கச் சோம்பல்பட்டு, நாலரை அடியில் கிடந்த கழிகள் மீதே கேன்டரில் விட்டேன். இரண்டாவது கழியில் அவள் முன்னங்கால் நேராக விழுந்தது. கழி உருண்டது. அவள் முழங்காலில் சரிந்தாள். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுக்கு முன்னங்கால் தசைநார்.

திரும்பி வந்த உஸ்தாதிடம், "டிராட்டில்தான் விட்டேன், அவளே தடுக்கிவிட்டாள்" என்றேன். அவர் மைதானத்துக்குப் போய்விட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "கை கட்டோடு இருக்கிறாய், ஏற முடியாது. அவள் காலைப் பார்த்துக்கொள்" என்றார்.

தினம் இரண்டு வேளை அந்தக் காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் பாய்ச்சினேன். ஒற்றைக் கையால் கட்டுப் போட சைஸ் உதவுவான். வலிக்கும்போது அவள் என் தோளில் மூக்கை வைத்துக்கொள்வாள், முறிந்த பக்கமா என்று பார்க்கமாட்டாள். வலி உயிர் போகும். தள்ளிவிட மனம் வராது.

நாலாவது மாதம் கால்நடை மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒரே ஒரு கழியைப் போட்டு, மூட்டை வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அவள் கழிக்கு முன்னால் நின்றாள். அதை மோந்து பார்த்தாள். உடம்பு நடுங்கியது. காலைத் தூக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலம் உஸ்தாதிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "வந்த அன்றைக்கே மணலில் குளம்புத் தடத்தைப் பார்த்தேன். அவள் உன்னை நம்பி வந்தவள். அவளிடம் சொன்னாயா?"

சாந்தினி அதற்கப்புறம் உயரத் தடை தாண்டவே இல்லை. புதுப் பையன்களுக்குக் கழி மேல் நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு பல வருடம் இருந்தாள். நான் பயிற்சியாளனான பிறகு ஒரு நாள்கூட என் காலால் அளக்காமல் கழி போட்டதில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லவில்லை. "அடுத்த தடவை ஏறுறதுக்கு முன்னாடி காலால அளந்து பாரு கண்ணு. உன் குதிரை எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முந்தின வகுப்பில் பெரிய குதிரைகளுக்குப் போட்ட இடைவெளியாம். அவளுடையது குட்டையான போனி. சாரிடம் சொல்லி ஓரடி நெருக்கிப் போட்டார்களாம். ஒரு கழிகூட உருளவில்லை.

கடைசியில் ஒரு வரி: 'தாத்தா, அதை மக்குன்னு சொன்னதுக்கு ஒரு கேரட் குடுத்து சாரி கேட்டுட்டேன்.'

எனக்கு நாலு மாதம் ஆன வேலையை அவள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள்.