ஏரி நிறைந்திருந்தும்...

ஏரி நிறைந்து தளும்பினாலும், மதகு திறவாதவரையில் கழனிக்கு ஒரு துளி நீரும் பாயாது. செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்க்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்ற நிலம் இது. இரயில் நிலையத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் நம் பங்கு மக்கள் பலர் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளுகின்றனர். ஏரி எவ்வளவு பெரிதாயினும், அதன் நீரை ஆள்வது கரையின் அடியிலுள்ள சிறு மதகுதான். அம்மதகை ஏற்றி இறக்கும் கை ஓய்ந்துவிட்டால், நிறைந்த ஏரியும் வறண்ட ஏரியும் பயிருக்கு ஒன்றே.

இந்தப் பழைய உண்மை இன்று நம் வீட்டு வாசலில் புதியதோர் உருவில் வந்து நிற்கிறது. மின்சாரக் காரைச் சொல்லுகிறோம்.

மின்சாரக் கார் இனி நமக்கு அயல்நாட்டு அதிசயமன்று. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் ஒருங்கிணைக்கப்பட்டு வருகின்றன. 2025-இல் அந்நிறுவனத்தின் மின்சாரக் காரும் அங்கே உருவாகத் தொடங்கியது. மகிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. ஞாயிறு திருப்பலிக்கு ஓசையின்றி வந்து கோவில் வளாகத்தில் நிற்கும் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. புகையில்லை, இரைச்சலில்லை, பெட்ரோல் செலவில்லை என்று குடும்பத் தலைவர்கள் மகிழ்ந்து சொல்லக் கேட்கிறோம். அம்மகிழ்ச்சியைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அக்காரினுள் ஒரு சிறு மதகு இருப்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். அதனை நாம் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கோடையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றில் புதுவீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் மின்சாரக் காரில் நம்மை அழைத்துப் போனார். மந்திரிப்பு முடிந்து வெளியே வரும்போது தொலைபேசி ஒலித்தது. திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் இறுதி நிலையில் இருக்கிறார், குருவானவரைக் கேட்கிறார், உடனே வரவேண்டும் என்றனர். நோயாளர் எண்ணெய்ச் சிமிழ் இருந்த பை காரின் பின்னிருக்கையில் இருந்தது.

இளைஞர் காரை நெருங்கினார். வழக்கமாக அவர் நெருங்கும்போதே விரியும் பக்கக் கண்ணாடிகள் மடங்கியபடியே நின்றன. ரிமோட்டை அழுத்தினார், விளக்கு மின்னவில்லை. கைபேசியின் வழியாகத் திறக்க முயன்றார். கார் பதில் தரவில்லை. “காலையில் பார்த்தேனே, சாமி! பேட்டரி 78 விழுக்காடு இருந்ததே!” என்று திகைத்தார். கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார். ஆள் வந்து சேர மூன்று மணி நேரமாகும் என்று விடை வந்தது. கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில், அந்தக் கறுப்புப் பை தெரிந்துகொண்டே இருந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு மூன்று மணி நேரம் என்பது என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கூடிய கூட்டத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருந்தார். அவர் ரிமோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள ஒரு சாவி இருக்கும், அண்ணே” என்றபடி ஓரத்திலிருந்த சிறு பொத்தானை அமுக்கி இழுத்தார். சுண்டுவிரல் அளவே உள்ள சாவி ஒன்று வெளிவந்தது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியை அவர் நெம்பி எடுக்க, அதனடியில் சாவித் துவாரம் தெரிந்தது. சாவி எளிதில் திரும்பவில்லை. “உப்புக் காத்து, சாமி. இங்க எல்லாமே இறுகிடும்” என்று சொல்லி, தம் பெட்டியிலிருந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்ல அசைத்துத் திருப்பினார். கதவு திறந்தது.

பையை எடுத்துக்கொண்டு வேறோர் இளைஞரின் மோட்டார் சைக்கிளில் ஏறினோம். முதியவர் கண் விழித்து நம்மை அடையாளம் கண்டுகொண்டார். நோயில்பூசுதல் பெற்று, அன்றிரவே அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

கார் என்ன ஆயிற்று என்பதை மறுநாள் அறிந்தோம். அந்தத் தம்பி உள்ளிருந்த நெம்பியை இழுத்து பானெட்டைத் திறந்து, பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோவின் பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் மூலம் மின்சாரம் கொடுத்திருக்கிறார். உள்ளே ‘டக்’கென்று ஓர் ஒலி, திரை ஒளிர்ந்தது, கார் உயிர் பெற்றது. பெரிய பேட்டரியில் மின்சாரம் சற்றும் குறையாமல் இருந்தது.

இது எப்படி? நாம் மோட்டார் நூல் கற்றவரல்லோம்; குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை வேறு. ஆயினும் அன்றுமுதல் படித்தும் தெரிந்தவரைக் கேட்டும் அறிந்ததைச் சொல்லுகிறோம்.

மின்சாரக் காரில் பேட்டரி இரண்டு. சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பேட்டரி காரின் தரையடியில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் அழுத்தம் 300 முதல் 400 வோல்ட் வரை. இது ஏரி. மற்றொன்று, பெட்ரோல் காரில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, துடைப்பான், திரை, உள்ளிருக்கும் கணிப்பொறிகள் யாவும் இதனைக் கொண்டே இயங்குகின்றன. பல கார்களில் இன்றும் இது ஈய அமில பேட்டரியே. 1859-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தது அது.

காரை நிறுத்தி அணைத்தவுடன், விபத்து நேராதிருக்கும் பொருட்டு, பெரிய பேட்டரி மற்ற உறுப்புகளிலிருந்து துண்டிக்கப்படுகிறது. அதனை மீண்டும் இணைப்பவை காந்த விசையால் மூடித் திறக்கும் வலுவான சுவிட்சுகள். அந்த ‘டக்’ ஒலி அவற்றினுடையதே. அவற்றை இயக்கும் வலிமை சிறிய பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். இதுவே மதகு. கார் இயங்கும்போது பெரிய பேட்டரி சிறியதற்கு மின்னேற்றம் செய்கிறது. ஆனால் சிறியது எழுப்பாமல் பெரியது எழுவதில்லை. சிறியது முற்றிலும் வற்றிவிட்டால், பெரியது நிறைந்திருந்தும் கார் நகராது. மின்பூட்டுக் கதவும் திறவாது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பெட்ரோல் காரின் பேட்டரி மூப்படைந்தால் காலையில் எஞ்சின் முக்கி முனகிக் கிளம்பும். அம்முனகலே நமக்கு எச்சரிக்கை. மின்சாரக் காரில் சுழற்றிக் கிளப்ப எஞ்சின் இல்லை. சிறிய பேட்டரிக்குப் பெரும் சுமை இல்லை. ஆகவே பல வேளைகளில் அது முனகாமலே மூப்படைந்து ஒருநாள் சட்டென ஓய்ந்துவிடுகிறது. நம் பக்கத்து வெயில் அதன் ஆயுளை மேலும் குறைக்கிறது.

இது ஒரு நாட்டுக்கோ ஒரு கம்பெனிக்கோ உரிய சங்கடமன்று. 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. சிறிய பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் கருவியில் குறை நேர்ந்தால் அது வற்றிப்போகலாம் என்பதே காரணம். அதே ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேத்தியைக் குழந்தை இருக்கையில் அமர்த்திக் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் வந்த பாட்டி ஒருவருக்கு, டெஸ்லா காரின் கதவு திறக்கவில்லை. சிறிய பேட்டரி அந்நொடியில் ஓய்ந்திருந்தது. அரிசோனா பாலைவனத்து வெயிலில் இருபது மாதக் குழந்தை உள்ளே, பாட்டி வெளியே. தீயணைப்பு வீரர் கோடரியால் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை மீட்டனர். 2025 செப்டம்பரில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை, ஏறத்தாழ 1,74,000 டெஸ்லா கார்களின் மின்கதவுக் கைப்பிடிகள் பற்றி விசாரணை தொடங்கியது. சீன அரசோ, 2027 ஜனவரி முதல் புதிய கார்களின் கதவை மின்சாரமின்றிக் கையாலேயே உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்க வழி இருக்கவேண்டும் என விதி செய்துள்ளது.

பூட்டிய காரின் கொடுமைக்கு மின்சாரக் கார்தான் வேண்டுமென்பதில்லை. 2025 மே மாதம் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்துத் துவாரபூடி கிராமத்தில், விளையாட்டாய்க் காருக்குள் ஏறிய நான்கு சிறுபிள்ளைகள் வெளிவர இயலாமல் மூச்சடைத்து இறந்தனர். வெயிலில் நிற்கும் காரினுள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும் என்று மருத்துவர் சொல்லுகின்றனர். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயிலை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருத்தல் கடமையாகும்.

முதலாவது, ரிமோட்டினுள் இருக்கும் சாவி எங்கே, அதற்குரிய துவாரம் எங்கே என்று கண்டறியுங்கள். சில கார்களில் சாவித் துவாரமே இராது. அவற்றுக்கு வேறு வழி கையேட்டில் எழுதியிருக்கும். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரத்தில் வாழ்வோர் மாதம் ஒருமுறை சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். உப்புக் காற்று எவரையும் விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது, உள்ளே இருப்பவர் மின்சாரமின்றிக் கதவைத் திறக்கும் நெம்பி எங்கே என்று ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். சில கார்களின் பின்கதவில் அது மறைந்திருக்கும். சிலவற்றில் இல்லாமலே இருக்கும். வீட்டுப் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டிக் கொடுங்கள்.

மூன்றாவது, சிறிய பேட்டரியின் வயதைக் குறித்து வையுங்கள். மூன்று ஆண்டு கடந்தால் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் சோதிக்கச் சொல்லுங்கள். திரையில் அது பற்றிய எச்சரிக்கை தோன்றினால் நாள் கடத்தாதீர்கள். வேளாங்கண்ணிக்கோ வெளியூருக்கோ நெடும்பயணம் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க நேர்ந்தால் கையேட்டில் உள்ள முறைப்படியே செய்யுங்கள். நேர்முனையும் எதிர்முனையும் மாறக்கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பெரிய பேட்டரிக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. இதற்கென விற்கும் சிறு மின்பெட்டியை வாங்கினால், அதனைக் காருக்குள் வைத்துப் பூட்டாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது, எந்தக் காராயினும் குழந்தையை உள்ளே தனியே விட்டு ஒரு நிமிடமும் அகலாதீர்கள். வீட்டில் நிற்கும் கார் பூட்டியே இருக்கட்டும். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாதிருக்கட்டும். குழந்தை உள்ளே அகப்பட்டுக்கொண்டால் கம்பெனி ஆளுக்காகக் காத்திராதீர்கள். 112-ஐ அழையுங்கள். குழந்தைக்குத் தொலைவாக உள்ள பக்கக் கண்ணாடியை அதன் மூலையில் ஓங்கி அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது. கண்ணாடியின் விலையைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

புதுக் கார் வாங்கியவுடன் மாலையிட்டு, எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து ஓட்டும் அயலாரும் உண்டு. கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்லும் நம்மவரும் உண்டு. கையேட்டைப் பிரித்துப் படிப்பவர் இரு சாராரிலும் சிலரே. இனி மந்திரிப்புக்குக் காரைக் கொண்டுவரும் குடும்பத்தாரிடம், தீர்த்தம் தெளிக்குமுன் “ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியைக் காட்டுங்கள்” என்று கேட்பதாக இருக்கிறோம்.

ஏற்கெனவே கார் வாங்கியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை குடும்பச் செபம் முடிந்ததும் பெரியவரும் பிள்ளைகளுமாகக் காரருகே சென்று, அந்தச் சிறு சாவியை எடுத்து, ஆளுக்கொரு முறை கதவைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.