எலி வளையும் எருத்தொட்டியும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம்மவர் பழமொழி. தலைநகரின் அரசுக் குடியிருப்பில் வாழும் என்போன்ற எழுத்தருக்கு அத்தனி வளையும் ஓய்வுபெறும் நாள்வரைதான். ஆயினும், தரைத்தளம் கிடைத்த நற்பேற்றால் வாய்த்த சிறு தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலையும் சில கத்தரிச் செடிகளும் வளர்த்து வருகிறோம். அவற்றுக்கு ஊட்டம் தருவது, நான்கு குடும்பங்கள் சேர்ந்து வைத்த எருத்தொட்டி.

சென்ற குளிர்காலத்தில் அத்தொட்டியில் எலிகள் குடிபுகுந்தன. இதில் வியப்பொன்றுமில்லை. நன்கு மக்கும் குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். ஓரங்களிலோ இதமான கதகதப்பு. மீந்த சப்பாத்தியும் எண்ணெய் தோய்ந்த பொரியலும் அதில் விழுந்தால், எலிக்கு உணவும் உறைவிடமும் ஒருங்கே கிட்டிவிடுகின்றன.

நஞ்சு வைக்கலாம் என்றார் மாடிவீட்டுப் பஞ்சாபி அன்பர். தொட்டியையே அகற்ற வேண்டும் என்றார் எதிர்வீட்டு வங்காள அம்மையார். அவர் அச்சத்தில் நியாயம் உண்டு. எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரா காய்ச்சல் பரவும். அவர் பேரனோ மண்ணில் விளையாடும் மூன்று வயதுப் பிள்ளை. ஆனால், அப்பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் துத்தநாகப் பாஸ்பைடை வைப்பது எங்ஙனம்? வயிற்று அமிலத்தில் கலந்து நச்சுவாயுவாகும் அப்பொருள், எலி என்றும் குழந்தை என்றும் பாராது. தொட்டியை அகற்றுவதோ, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

"மூன்று வாரம் பொறுங்கள், எலி ஒழியாவிடில் தொட்டியை நானே உடைக்கிறேன்" என்று அம்மையாருக்கு வாக்களித்தேன். எலி கருவுற்று ஈனுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு காலமே ஆகும். ஆதலால் தாமதிக்க இயலாது. கையுறை அணிந்து தொட்டியைக் கவிழ்த்துக் கூட்டைக் கலைத்தோம். அடியிலும் காற்றுத் துளைகளிலும் கால் அங்குலக் கண்ணுடைய இரும்புக் கம்பிவலை பொருத்தினோம். பிளாஸ்டிக் வலையை எலி கடித்துவிடும். சமைத்த உணவை அறவே விலக்கினோம். காய்கறித் தோலை இட்டதும் வேப்பஞ்சருகால் மூடி, வாரந்தோறும் கிளறி, நீர் தெளித்தோம். கழிவை அடுக்கடுக்காக இட்டுக் கிளறும் இம்முறை புதியதன்று. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டு வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டது. ஓயாது கலைக்கப்படும் ஈரக் குவியலில் எலி கூடு கட்ட விரும்புவதில்லை.

பொறியில் இரண்டு சிக்கின. மூன்றாம் வாரத்தின் முடிவில் புதிய வளை எதுவும் காணப்படவில்லை.

பங்குனியில் கறிவேப்பிலை துளிர்த்தபோது நான்கு வீட்டுக்கும் ஒவ்வொரு கொத்து கொடுத்தனுப்பினாள் என் மனைவி. சருகுச் சாக்கு இப்போது வங்காள அம்மையாரின் பொறுப்பில் இருக்கிறது. அவரைக் கேளாமல் எவரும் தொட்டியின் மூடியைத் திறப்பதில்லை.