முள்வாங்கி

என் தாடையில் ஒரு முடி உண்டு. ஒன்று என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐம்பத்து மூன்று வயதில் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நகர்த்தி எண்ணியபோது பதினொன்று, அதில் நாலு வெள்ளை. லேசர் கறுப்பைத் தேடித்தான் சுடுமாம். வெள்ளை முடி அதன் கண்ணில் படாது. எனக்கு விதித்தது எலக்ட்ராலிசிஸ், வேருக்குள் ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சுவது.

கிளினிக்குக்குத் தேதி கேட்டுப் போன் செய்தேன். "நாலு வாரத்துக்குப் பிடுங்காதீங்க மேடம். நூல் போடறது, வாக்ஸ் எதுவும் வேண்டாம். மழிச்சுக்கலாம், ஆனா வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி அதையும் நிறுத்திடுங்க. முடி போற வழியிலதான் ஊசி போகணும்."

முடியை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் வளர்க்க வேண்டும். அந்த நாலு நாளுக்குள்தானா ஒரு கல்யாணம் வரவேண்டும்! பெண்ணுக்கு அத்தை முறை ஒருத்தி என்னோடு பேசிய அரை மணி நேரமும் என் தாடையோடுதான் பேசினாள். நானும் கைக்குட்டையைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் அப்பாயியின் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு வளையம் தொங்கும். அதில் ஒரு முள்வாங்கி, ஒரு குறும்பிவாங்கி. ஊரில் யார் காலில் கருவேல முள் ஏறினாலும் அப்பாயியிடம்தான் வருவார்கள். ஆனால் முள்வாங்கிக்கு முக்கிய வேலை அதுவல்ல. சின்ன வயதில் வந்த கண்நோய் அப்பாயியின் இமைக்குள் தழும்பாகி, இமைமுடிகளை உள்பக்கம் திருப்பிவிட்டிருந்தது. சிமிட்டும்போதெல்லாம் முடி விழியை அறுக்கும். அந்த நோய்க்கு டிரக்கோமா என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை வெயில் திண்ணைக்கு வந்ததும் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். வீட்டில் எனக்குத்தான் கண் கூர்மை. "கறுப்பா நிக்குது பாரு, அதைப் புடி ஆத்தா. தோலைப் புடிச்சுராத." எனக்குக் கை நடுங்கும், அவளுக்கு இமைகூட அசையாது. பிடுங்கிய முடிகளை வெற்றிலையின் பின்புறத்தில் ஒட்டிவைத்து எண்ணுவாள். எதற்கு எண்ணினாள் என்று நான் கேட்டதே இல்லை. மறுபடி முளைக்கும் குருத்துதான் கொடுமை, முழு முடியைவிட அதிகமாகக் குத்தும் என்பாள்.

இந்த எலக்ட்ராலிசிஸ் ஊசியை முதலில் எடுத்தவர் யார் என்று தேடப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர், சார்லஸ் மிஷெல். அவர் எடுத்தது தாடைக்கு அல்ல, மீசைக்கும் அல்ல. உள்பக்கம் திரும்பிய இமைமுடிக்கு. பிடுங்கினால் முளைக்கிறதே என்று வேரிலேயே மின்சாரத்தை இறக்கியிருக்கிறார். அப்பாயி பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே வழி கண்டாயிற்று. எங்கள் திண்ணைக்குத்தான் அது வந்து சேரவில்லை. அழகுக்காகப் போகும் பேத்திக்கு வந்திருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும் அன்று காபி கூடாது என்றிருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய வலி. மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசிக்கொண்டு போனேன். பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டுவிட்டு, ஈரத்துணி சுற்றிய ஒரு கம்பியைக் கையில் கொடுத்தாள் ஊசி போடும் பெண். அது பாசிட்டிவ், ஊசி நெகட்டிவ். வேர்க்குழியில் இருக்கும் உப்பும் நீரும் மின்சாரம் பட்டதும் காஸ்டிக் சோடாவாகிவிடும், சோப்புக் காய்ச்சுகிற அதே சரக்கு. அதுதான் வேரை அரிக்கிறது. என் உப்பு, என் தண்ணீர், கரண்ட் மட்டும் அவர்களுடையது. சுருக்கென்று ஒன்று, பிறகு எறும்பு கடித்த இடம்போல ஒரு சூடு. அடுத்து அவள் கையில் எடுத்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அதே முள்வாங்கி.

"இழுக்காம வரணும் மேடம். பிடிச்சு இழுத்தா வேர் இன்னும் இருக்குன்னு அர்த்தம்."

இழுக்காமல் வந்தது. திண்ணையில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

வீடு திரும்பியதும் கொசு கடித்ததா என்றார் கணவர். இரண்டு மூன்று நாள் சிவப்பும் பொடிப்பொடியாய்ப் பொருக்கும் இருந்தன. வெயில் கூடாது, பொருக்கைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் தழும்பு விழும். தூங்குகிற வேர்களும் உண்டாம். அவை விழித்து முளைக்கும்போது மறுபடி போகவேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம் என்கிறார்கள்.

நேற்று புதிதாக ஒன்று தலைகாட்டியது, வெள்ளை. இன்று காலை அப்பாயியின் முள்வாங்கியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.